துபாயின் பழந்தெருக்களில் ஒரு பகல்

அறபு மொழியில் ஐன், பா, ரா என்னும் மூன்றெழுத்தும் சேர்ந்து நிற்கும் வேர்ச்சொல்லுக்குக் கடந்து செல்லுதல் என்பது பொருள். அவ்வேரிலிருந்து கிளைத்த சொற்கள் பல. ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கடக்கும் துறை ‘மஃபர்’. நம் சோழமண்டலக் கரையைப் பழைய அறபு வணிகரும் நூலோரும் இப்பெயராலேயே அழைத்தனர். 14ஆம் நூற்றாண்டில் இங்கு வந்து சென்ற இப்னு பதூதாவும் தம் பயண நூலில் இந்நாட்டை மஃபர் என்றே குறிக்கிறார். இமையைக் கடந்து வழியும் கண்ணீர்த்துளி ‘அப்ரா’. கண்ட பொருளிலிருந்து காணாத பொருளுக்கு உள்ளம் கடந்து சென்று பெறுகின்ற படிப்பினை ‘இப்ரத்’. மதரஸாவில் இச்சொற்களைப் பலகையில் எழுதி, அவற்றின் உறவை மாணவர்க்கு நாம் விளக்கியதுண்டு. ஏட்டில் இருந்த அவ்வுறவைத் தெருவில் நடந்து காணும் வாய்ப்பு, 2014ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், வளைகுடாவின் புதுநகரமாகிய துபாயில் நமக்குக் கிட்டியது.

உம்ராவை நிறைவேற்றித் திரும்பும் வழியில், தேராப் பகுதியில் வாழ்ந்துவந்த நம் சகோதரி மகனுடன் ஐந்து நாட்கள் தங்கினோம். மருமகன் அங்கே பதினெட்டு ஆண்டுகளாக ஒரு வணிக நிலையத்தில் கணக்கெழுதி வந்தார். அந்நாளில் அமீரகத்தின் வார விடுமுறை வெள்ளிக்கிழமை. அன்று நம்மை வெளியே அழைத்துச் செல்ல அவர் பெரிதும் விரும்பினார்.

“மாமா, 828 மீட்டர் உயரக் கட்டடம், 2010இல் திறந்தார்கள். உலகத்திலேயே அதுதான் உயரம். அதைக் காட்டாமல் அனுப்பினால் மாமி என்னைத்தான் ஏசுவார்கள்” என்றார்.

“அது இந்த ஊரில் எங்கே நின்றாலும் தெரிகிறதே, தம்பி! தெரியாததைக் காட்டு. இந்த ஊர் முதன்முதலில் எங்கே இருந்ததோ அங்கே கூட்டிப்போ” என்றோம்.

இப்படிக் கேட்டதற்குப் பழமையின் மீதுள்ள பற்று மட்டும் காரணமன்று. அவ்வாரம் மருமகனின் சட்டைப்பையில் ஊரிலிருந்து வந்த கடிதம் ஒன்று இருந்தது. இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையிலுள்ள நம் ஊரின் நடுத்தெருவில் ஓர் ஓதும் பள்ளி உண்டு. சங்கு வணிகத்திலும் இலங்கை வணிகத்திலும் பொருளீட்டிய முன்னோர் கட்டி வக்ஃபு செய்த இடம் அது. சுண்ணாம்பும் கடுக்காய் நீரும் கருப்பட்டியும் சேர்த்தரைத்த காரைச்சுவர், பர்மாத் தேக்கில் உத்தரம், நடுவே வானம் பார்த்த முற்றம். நாம் அலிபு, பே ஓதத் தொடங்கியதும் அங்கேதான். மருமகன் ஓதியதும் அங்கேதான். இப்போது கூரை ஒழுகிற்று. பின்சுவர் சாய்ந்து நின்றது. முழுவதையும் இடித்துவிட்டுக் கீழே கடைகளும் மேலே திருமண மண்டபமும் எழுப்பலாம், மாடியில் ஓர் அறையைப் பிள்ளைகள் ஓதுவதற்கு ஒதுக்கலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் எண்ணினார்கள். துபாயில் வாழும் ஊரார் அதற்கு நிதி திரட்டித் தரவேண்டும் என்று எழுதியிருந்தார்கள். திரட்டும் பொறுப்பு மருமகனுடையது. அந்த வெள்ளி இரவே ஊர்மக்கள் அவர் அறையில் கூடுவதாக இருந்தது. நம் கருத்தென்ன என்று இரண்டு நாட்களாகக் கேட்டுக்கொண்டிருந்தார். சாயும் சுவரின் கீழ்ப் பிள்ளைகளை உட்கார வைக்கலாகாது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இடித்துவிடுங்கள் என்று சொல்ல நாவெழவில்லை. எனவே விடை கூறாமலே இருந்தோம்.

காலை எட்டு மணிக்குத் துறைக்கு வந்தோம். துபாய் நகரை இரு கூறாக்கிக்கொண்டு கடல் நிலத்துக்குள் நாக்கு நீட்டினாற்போல் நுழைந்திருக்கும் உப்பங்கழியை அறபியர் ‘கோர்’ என்பர். நம்மவர் ‘க்ரீக்’ என்பர். வடகரை தேரா, தென்கரை பர்துபாய். இரண்டுக்கும் நடுவே மரப்படகுகள் ஓயாமல் ஆட்களை ஏற்றிச் செல்கின்றன. படகின் நடுவே நீண்ட பலகை. இருபதுபேர் முதுகோடு முதுகு சேரத் தண்ணீரைப் பார்த்து அமர்கிறார்கள். அன்று கட்டணம் ஆளுக்கு 1 திர்ஹம். வங்காள தேசத்துப் படகோட்டி நாணயங்களைக் கையில் வாங்கியபடியே சுக்கானைத் திருப்பினார். “இதற்குப் பெயர் என்ன, தம்பி?” என்று கேட்டோம். “அப்ரா” என்றார் மருமகன். கடப்பதால் அப்படகுக்கு அப்பெயர். மஃபரிலிருந்து வந்த ஒருவன் அப்ராவில் ஏறி அமர்ந்திருக்கிறான் என்பதை அவருக்கு விளக்கியபோது, “பதினெட்டு வருஷமாக நாள்தோறும் இருமுறை ஏறி இறங்குகிறேன், மாமா. ஒருநாளும் இதன் பொருளை நினைத்ததில்லை” என்றார். கரை சேரும்வரை பேசாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எண்ணெயால் பிறந்த ஊர் துபாய் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அங்கே எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது 1966இல். ஏற்றுமதி தொடங்கியது 1969இல். அதற்கு முன்பே இவ்வுப்பங்கழியால் வாழ்ந்த ஊர் அது. மணல் தூர்ந்து மரக்கலங்கள் நுழைய இயலாமற் போன இக்கழியை, 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் கடன் வாங்கித் தூர்வாரி ஆழப்படுத்தினார்கள். இதன்மேல் முதற்பாலம் எழுந்தது 1963இல். நாணயமும் அஞ்சலும் கூட ஒருகாலத்தில் நம் நாட்டுடையவையே. 1909இல் அங்கே திறக்கப்பட்ட அஞ்சலகம் இந்திய அஞ்சல் துறையின் கிளை. கடைத்தெருவில் புழங்கியது இந்திய ரூபாய். 1959 முதல் நம் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் அச்சிட்டது. 1966இல் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தபின் அதுவும் மறைந்தது. இன்றைய திர்ஹம் வந்தது 1973இல். திர்ஹத்தை ரூபாயாக மாற்றி ஊருக்கு அனுப்பும் நம் இளைஞர்களுக்கு, ரூபாயே அங்கு நாணயமாக இருந்த காலம் ஒரு கதை போலத் தோன்றும்.

தென்கரையில் பஸ்தகிய்யா என்னும் பழந்தெரு இருக்கிறது. 2012 முதல் அல்ஃபஹீதி என்னும் பெயரும் அதற்கு வழங்குகிறது. பாரசீகத்தின் பஸ்தக் ஊரார் வந்து குடியேறியதால் பழைய பெயர் ஏற்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கரையிலுள்ள லிங்கா துறைமுகத்தில் பாரசீக அரசு சுங்கத்தைக் கடுமையாக்கிற்று. இக்கரையில் துபாய் ஆட்சியாளர் வணிகர்க்கு வரியை நீக்கி வரவேற்றார். வணிகர் மரக்கலமேறி இக்கரைக்கு வந்தனர். நாம் இன்று வளைகுடாவுக்குச் செல்வது போல, அன்று வளைகுடாவுக்குள்ளேயே பிழைப்பு தேடிக் கடல் கடந்தவர்கள் அவர்கள்.

இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் உரசும் சந்துகள். கடலிலிருந்து எடுத்த பவளக்கல்லை அடுக்கி ஜிப்ஸச் சாந்து பூசிய தடித்த சுவர்கள். தெருப்பக்கம் சன்னல்கள் அருகியே உள்ளன. உள்ளே நுழைந்தால் முற்றம்; முற்றத்தைச் சுற்றி அறைகள். பெண்டிர் வெளியார் கண்ணில் படாமல் வானத்தையும் காற்றையும் துய்க்கும் வண்ணம் வகுத்த வீடுகள். கடற்கரையூர்களில் நம் முன்னோர் கட்டிய முற்றத்து வீடுகளை நினைத்துக்கொண்டோம்.

அவ்வீடுகளின் தலையில் நிற்கும் காற்றுக் கோபுரங்கள் கண்ணை ஈர்த்தன. அறபியர் ‘பர்ஜீல்’ என்பர். பாரசீகர் ‘பாத்கீர்’ என்பர். பாத் என்றால் காற்று. கீர் என்றால் பிடிப்பது. நான்கு புறமும் திறந்த கோபுரத்தின் உள்ளே, மூலைக்கு மூலை குறுக்குச்சுவர் வைத்து நான்கு குழல்களாகப் பிரித்திருக்கிறார்கள். எத்திசைக் காற்றாயினும் அத்திசைக் குழல் அதைப் பிடித்துக் கீழறைக்கு இறக்கும். அறையின் வெப்பம் எதிர்க்குழல் வழியே மேலேறி வெளியேறும். மின்சாரம் எட்டாத நாளில், நெருப்பாய்த் தகிக்கும் கோடையை இதைக்கொண்டே கழித்தனர். கோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தோம். ஜனவரிக் காலையின் குளிர்ந்த காற்று நம் தலைப்பாகையின் நுனியை மெல்ல அசைத்தது.

இத்தெருவின் ஒரு பகுதி முன்னரே இடிக்கப்பட்டது. எஞ்சியதையும் 1980களில் இடிக்க இருந்தார்கள். அங்கே ஒரு பழவீட்டைச் செப்பனிட்டுக் குடியிருந்த ரெய்னர் ஓட்டர் என்னும் ஆங்கிலக் கட்டடக் கலைஞர் அதைக் காக்க வேண்டுமென முயன்றார். அந்நாளில் இளவரசராயிருந்த சார்லஸ் 1989இல் அத்தெருவைக் கண்டு பாராட்டிச் சென்றார், இடிப்பு கைவிடப்பட்டது. இதை நாம் சொல்லக் கேட்ட மருமகன், “இவர்களிடம் இல்லாத பணமா, மாமா? இதைப்போல் பத்து தெருவைப் புதிதாகக் கட்டலாமே!” என்றார். “கட்டலாம் தம்பி, ஆனால் அது இன்று கட்டியதாகத்தானே இருக்கும்?” என்றோம். அவர் கை தம்மையறியாமல் சட்டைப்பையைத் தொட்டது.

ஜும்ஆவுக்குப் பர்துபாயின் பெரிய பள்ளிவாசலை அடைந்தோம். வழியில், 1787இல் எழுந்ததும் துபாயின் மிகப் பழைய கட்டடமுமாகிய அல்ஃபஹீதிக் கோட்டையைக் கண்டோம். 1971இல் அதை அருங்காட்சியகமாக்கினார்கள். பள்ளிவாசலின் வரலாறும் சிந்திக்கத்தக்கது. 1900இல் எழுந்தது, பிள்ளைகள் குர்ஆன் ஓதும் இடமாகவும் விளங்கியது, 1960இல் இடிக்கப்பட்டது, பின்னர் 1998இல் பழைய சாயலிலேயே மீண்டும் கட்டப்பட்டது. தொழுகை வரிசையில் நம் வலப்பக்கம் ஒரு பட்டாணியர், இடப்பக்கம் மருமகன், அவரையடுத்து மலையாளி ஒருவர். ஊரைவிட்டு வந்த தோள்கள் அங்கே ஒன்றையொன்று தொட்டு நின்றன. இடித்ததைப் பழையபடி எழுப்பும் ஆசை, 38 ஆண்டுகள் கழித்தாயினும் மனிதனுக்கு வருகிறது என்ற எண்ணம், தொழுது வெளியே வந்தபின்னும் நம்மை விட்டகலவில்லை.

மீண்டும் அப்ராவில் தேராக் கரைக்குத் திரும்பினோம். பிற்பகலில் வாசனைப்பொருள் கடைத்தெரு விழித்துக்கொண்டது. சாக்குகளில் குங்குமப்பூ, ஏலம், கிராம்பு, குந்திரிகம், உலர்ந்து கறுத்த எலுமிச்சை. புளியின் முன் நின்று மகிழ்ந்தோம். அறபியில் அதற்குத் ‘தமர் ஹிந்தி’ என்று பெயர். இந்தியாவின் பேரீத்தம்பழம் என்பது பொருள். நம் நாட்டுப் புளியைத் தம் நாட்டுப் பேரீத்தம்பழத்தின் உறவாக்கிக்கொண்ட வணிகர்கள் அவர்கள்! ஒரு முதிய கடைக்காரரிடம் விலை கேட்க எண்ணி, எழுவாய் செயப்படுபொருள்களின் ஈற்றொலி எதுவும் பிசகாமல், இலக்கணம் நிறைந்த அறபியில் ஒரு வாக்கியத்தை நிறுத்தி மொழிந்தோம். அவர் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, மலையாளத்தில் விலை சொன்னார். மருமகன் சிரிப்பை அடக்க இயலாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைக்காரர் ஈரானியர் என்று பின்னர் அறிந்தோம். வணிகத்துக்கு வேண்டிய மொழி எதுவோ அதுவே அத்தெருவின் மொழி.

கடைத்தெருவைத் தாண்டினால் அர்ராஸ் என்னும் பகுதி. அங்கேதான் நாம் காண விரும்பிய இடம் இருந்தது: அல்அஹ்மதிய்யாப் பள்ளி. 1912இல் தொடங்கிய இது, துபாயில் ஒழுங்குமுறையோடு கல்வி புகட்டிய முதற்பள்ளி. முத்து வணிகர் அஹ்மது பின் தல்மூக் பெயரால் வழங்குவது. பின்னாளில் துபாயை ஆண்டவரும் உப்பங்கழியைத் தூர்வாரியவருமாகிய ஷைகு ராஷித் இளமையில் இங்கே பயின்றார்.

முத்து என்றதும் நம் நெஞ்சில் மன்னார்க் கடல் அலைமோதிற்று. வளைகுடாவில் கோடையின் நான்கு திங்களும் முத்துக் குளிப்பார்கள். மூக்கில் கவ்வி, காலில் கல், கழுத்தில் கூடை. மேலே கயிறு பிடிப்பவர். கலத்தை நடத்தும் நாகுதா. நாகுதாவிடம் முன்பணம் பெற்றுக்கொண்டே மூழ்குவோர் கடலில் இறங்குவர். அக்கடன் தீராமல் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கிய குடும்பங்கள் பல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையின் மரிச்சுக்கட்டிக் கரையில் நடந்த முத்துக்குளிப்புக்கு வளைகுடா அறபியர் வந்து, கீழக்கரை முஸ்லிம்களோடும் தூத்துக்குடிப் பரதவரோடும் ஒரே கடலில் மூழ்கியிருக்கிறார்கள். அவர்கள் நமக்குப் புதியவர்கள் அல்லர். நாமும் அவர்களுக்குப் புதியவர்கள் அல்லோம்.

அம்முத்துச் செல்வம் ஒரு தலைமுறைக்குள் கரைந்தது. ஜப்பானில் மிகிமோட்டோ வளர்த்தெடுத்த செயற்கை முறை முத்துகள் உலகச் சந்தையை நிறைத்தன. 1929இல் உலகப் பொருளாதாரம் வீழ்ந்தது. நேற்றுவரை செல்வராயிருந்தோர் வறியராயினர். நம் தூத்துக்குடிக் கரையிலும் 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்போடு அத்தொழில் ஓய்ந்தது. ஆனால் முத்து வணிகர் பெயர் தாங்கிய பள்ளியில் பின்னாளிலும் பிள்ளைகள் பயின்றார்கள். இடம் போதாமையால் 1963இல் அப்பள்ளி வேறிடத்துக்கு மாறிற்று. பழைய கட்டடம் 1990களில் செப்பனிடப்பட்டுக் கல்வி அருங்காட்சியகமாயிற்று.

உள்ளே சென்றோம். முற்றம், முற்றத்தைச் சூழ்ந்த வகுப்பறைகள், சாந்தில் செதுக்கிய அழகிய வேலைப்பாடு. ஓர் அறையில் உஸ்தாத் ஒருவரும் எதிரே பிள்ளைகளும் அமர்ந்திருந்தார்கள். உள்ளே காலெடுத்து வைத்த நம் நாவில் ஸலாம் எழுந்தது. பின்னரே அவை உருவப் பொம்மைகள் எனத் தெளிந்தோம். தலையில் தொப்பி, கையில் பலகை, விழிகளில் கவனம். உதடுகள் மட்டும் அசையவில்லை. நெடுநேரம் அவற்றைப் பார்த்து நின்றோம். முப்பதாண்டை நெருங்கும் நம் ஆசிரியப் பணியில் அவ்வளவு அமைதியான வகுப்பை நாம் கண்டதில்லை. அவ்வமைதி நமக்கு மகிழ்ச்சி தரவில்லை. வேரின் மூன்றாம் சொல் இமையில் வந்து நின்றது.

அப்போதுதான் இரண்டு நாட்களாகத் தேடிய விடை நமக்குப் புலனாயிற்று. மருமகனை அழைத்துச் சொன்னோம்: “தம்பி, இந்த ஊரார் சுவரைக் காத்துவிட்டார்கள். பெரும் பொருள் செலவிட்டு, கண்ணும் கருத்துமாகக் காத்திருக்கிறார்கள். இதற்காக அவர்களைப் போற்றத்தான் வேண்டும். ஆனால் இதற்குள் இப்போது ஓதும் பிள்ளை இல்லை. பொம்மையைத்தான் உட்கார வைக்க முடிந்தது. நம் ஊரில் சுவர் சாய்ந்திருக்கிறது. ஆனால் காலையும் மாலையும் நாற்பது பிள்ளைகள் ஓதுகிறார்கள். இவர்களிடம் இல்லாதது நம்மிடம் இருக்கிறது. அதை இடித்துக் கடைக்கு மேலே ஓர் அறையில் ஒதுக்கினால், முதலில் அறை சுருங்கும். பிறகு மண்டபத்தில் கல்யாணம் என்று ஓதல் நிற்கும். கடைசியில் கடை மட்டும் இருக்கும். வக்ஃபு செய்தவர் எதற்காகச் செய்தாரோ அந்த நோக்கம் மாறலாகாது என்பது ஃபிக்ஹு கற்றவர் அனைவரும் அறிந்த சட்டம். சுவரையும் காக்க வேண்டும். அதற்குள் பிள்ளையின் குரலையும் காக்க வேண்டும்.”

மருமகன் உடனே ஒப்பவில்லை. “கடை வாடகை இல்லாமல் உஸ்தாதுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும், மாமா? நாங்கள் இங்கே இருக்கும்வரை அனுப்புவோம். நாளைக்கு?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது. அதையே அன்றிரவு அவர் அறையில் கூடிய இருபதுபேரும் கேட்டார்கள். இரும்புக் கட்டில்களில் அடுக்கடுக்காக உறங்கி, உணவைக் குறைத்து ஊருக்கு அனுப்பும் மக்கள் அவர்கள். கட்டடப் பெருமை பேசி அவர்கள் வியர்வையை வீணாக்க நமக்கு உரிமையில்லை. எனவே அஹ்மதிய்யாவில் கண்டதைக் கண்டவாறே சொன்னோம். முத்துச் செல்வம் கரைந்த கதையையும் சொன்னோம். “முத்து போயிற்று, எண்ணெயும் சம்பளமும் அதைப்போன்றவையே. இரண்டும் இருக்கும்போது எதை நட்டு வைக்கிறோம் என்பதுதான் கேள்வி” என்றோம். வாதம் நள்ளிரவு வரை நீடித்தது. சாய்ந்து நிற்கும் பின்பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, அவ்விடத்தில் தெருவைப் பார்த்து மூன்று கடைகள் கட்டுவது, அவற்றின் வாடகை முழுவதும் ஓதும் பள்ளிக்கே சேர்வது, முன்கூடத்தையும் முற்றத்தையும் தொடாமல் செப்பனிடுவது என்று முடிவாயிற்று. மண்டபம் வேண்டுமென்ற இருவர் மனக்குறையோடு எழுந்து சென்றதையும் மறைப்பதற்கில்லை.

ஊர்ப் பெரியவர்களை இணங்க வைக்க ஓராண்டு ஆயிற்று. காரைப்பூச்சு அறிந்த கொத்தனார்களைச் செட்டிநாட்டுப் பக்கமிருந்து அழைத்து வந்தார்கள். சுண்ணாம்பை நீற்றிப் புளிக்கவைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்தரைத்து, 2016இல் பணி முடிந்தது. தேக்கு உத்தரங்களில் இரண்டைத்தான் மாற்ற நேர்ந்தது. பின்பகுதியில் இருந்த பழைய கிணறும் நாம் ஒளுச் செய்த கல்தொட்டியும் கடைகளுக்கு இடம்விட்டு மறைந்தன. எல்லாவற்றையும் காத்துவிட்டோம் என்று சொல்ல இயலாது.

2020இல் பெருந்தொற்று வந்தது. மருமகன் கணக்கெழுதிய நிலையம் ஆட்குறைப்புச் செய்தது. இருபத்து நான்கு ஆண்டு வாழ்வை இரண்டு பெட்டிகளில் அடக்கிக்கொண்டு அவர் ஊர் வந்து சேர்ந்தார். அன்றைய கூட்டத்தில் இருந்தோரில் மேலும் சிலர் அவ்வாறே திரும்பினர். துபாயிலிருந்து வந்த மாத நன்கொடை அவ்வாண்டு ஏறக்குறைய நின்றுபோயிற்று. மூன்று கடைகளின் வாடகை உஸ்தாதின் சம்பளத்துக்குப் போதுமானதாக இருந்தது. கடை வேண்டுமென்று மருமகன் அன்று வற்புறுத்தியிராவிட்டால் என்னவாகியிருக்கும் என்று இப்போது நாம் எண்ணுவதுண்டு. முற்றம் வேண்டுமென்று நாம் வற்புறுத்தியதை அவரும் எண்ணுவாராம்.

அவர் இப்போது மளிகை வணிகம் செய்கிறார். ஓதும் பள்ளியின் கணக்கையும் ஊதியமின்றி எழுதுகிறார். அவருடைய இளைய மகள் அங்கேதான் ஓதுகிறாள். சுபுஹுத் தொழுது அத்தெரு வழியே வரும்போது, முற்றத்திலிருந்து அலிபு, பே என்று பிள்ளைகள் ஒன்றாய் முழங்கும் ஒலி தெருமுனை வரை கேட்கிறது. அமைதியாக ஓதுங்கள் என்று உஸ்தாத் அதட்டும் குரலும் இடையிடையே கேட்கிறது. அந்தப் பிள்ளைகள் ஒருநாளும் அவர் சொற்கேட்டு அமைதியானதில்லை.